மணி ஓயும்வரை

அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து மழைக்காக ஒருநாள்கூட விடுமுறை விட்டதில்லை. இந்தப் பெருமையை மதில் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். மழைக்காலம் வந்தால் சுவர் ஊறி எழுத்து உரிந்துவிடும். வெயில் அடித்ததும் பெயின்டரைக் கூப்பிட்டு மறுபடியும் எழுத வைப்பார்கள். அந்தப் பெருமையால் உருப்படியாகப் பிழைத்தவர் அந்தப் பெயின்டர் ஒருவர்தான்.

அன்றைக்கு விடியும்போது மழை ஓய்ந்திருந்தது. தண்ணீர்தான் போகிற வழியைக் காணோம். பக்கத்து வீட்டு வாளி ஒன்று ஜன்னலுக்கு வெளியே நிதானமாக மிதந்து போனது. அதன் பின்னாலேயே எதிர்வீட்டுச் செருப்புகள் ஜோடி ஜோடியாகப் போயின. பிரேக் அக்கா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் தலையில் பலகை வைத்த ஒரு பழைய கார், அவ்வளவுதான். ஓட்டப் பழகுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். பக்கத்து சீட்டில் இவள் தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதித்துப் பல உயிர்களைக் காப்பாற்றுவாள். வருஷக்கணக்காக மிதித்து மிதித்துக் கால் அதற்கே பழகிவிட்டது. சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூடத் திரையில் எவனாவது வேகமாக ஓடினால் இவள் கால் தரையை அழுத்தும்.

போன் கிணுகிணுவென்றது. பள்ளியின் பெற்றோர் குழு. அந்தக் குழுவில் பள்ளி மட்டும்தான் பேசலாம். பெற்றோர்கள் கட்டைவிரலைக் காட்டலாம். மற்ற விரல்களுக்கு அனுமதி இல்லை.

"பள்ளி வழக்கம்போல் இயங்கும். சாலையில் இருப்பதாகச் சொல்லப்படும் தண்ணீர், வளாகத்துக்கு வெளியே இருப்பதால் அதுகுறித்துப் பள்ளி கருத்துச் சொல்ல இயலாது."

அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது.

"மழைக்கோட்டு பள்ளியின் நீலத்தில் மட்டுமே இருக்கவேண்டும். மற்ற நீலங்கள் ஏற்கப்படமாட்டா. வெள்ளை ஷூ வெள்ளையாகவே வந்து சேரவேண்டும். சேறு படிந்த ஷூ, வீட்டில் அக்கறை இல்லாததைக் காட்டும்."

மூன்றாவது இன்னும் சுருக்கமாக இருந்தது.

"மழை, வெள்ளம், காற்று ஆகியவை தாமதத்துக்குக் காரணமாக ஏற்கப்படமாட்டா. ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியல் பின்னர் அனுப்பப்படும்."

அந்தப் பட்டியல் பின்னர் அனுப்பப்படும் என்று மகள் எல்.கே.ஜி.யில் இருந்தபோதே சொல்லியிருந்தார்கள். இப்போது இரண்டாம் வகுப்பு. பட்டியல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வேறொரு நாளாக இருந்தால் பிரேக் அக்கா போனைக் குப்புறப் போட்டுவிட்டு மகளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்க வைத்திருப்பாள். அன்று முடியாது. அன்று குண்டூசியின் மணி நாள்.

குண்டூசி என்பது மகளுக்கு அப்பா வைத்த செல்லப்பெயர். பேக்கரி வேலைக்கு இருட்டோடு கிளம்பிவிடும் அவர் திரும்பி வந்து கண்ணயரும் நேரம் பார்த்து, "அப்பா, ரொட்டிக்குள்ள ஓட்டையெல்லாம் யார் போடறாங்க?" என்று குத்தி எழுப்புவாள். அதனால் வந்த பெயர்.

மணி விஷயம் இதுதான். பள்ளி வாசலுக்கு உள்பக்கம் ஒரு வளைவில் பெரிய வெண்கல மணி தொங்கும். காலை எட்டரைக்கு அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அடிக்க வேண்டும். தினம் ஒரு பிள்ளை. ஆளுக்கு ஒரே ஒரு நாள். அந்த நாளில் வராவிட்டால் முறை அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் மணிக்கயிற்றைத் தொட முடியாது. வேறு யாரும் தொடக் கூடாது, பிரின்சிபால் உட்பட. மணி ஒலித்துக்கொண்டிருக்கும்வரை கேட் திறந்திருக்கும். மணி ஓய்ந்ததும் மூடிவிடுவார்கள். இதை ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்து மணிக்கு அடியிலேயே மாட்டியிருந்தார்கள்.

குண்டூசி ஒரு மாதமாகச் சட்டி மூடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கரண்டியால் பயிற்சி எடுத்திருந்தாள். மேல்வீட்டுக்காரர் ஒருநாள் இறங்கி வந்து, "பாப்பாவுக்கு எப்பம்மா அந்த நாள்?" என்று கண்கலங்கக் கேட்டுவிட்டுப் போனார்.

"அம்மா, தண்ணி இருந்தா மணி நாள் இருக்காதா?" என்று கேட்டாள் குண்டூசி. பள்ளியின் நீலத்தில் மழைக்கோட்டு, வெள்ளை வெளேரென்று ஷூ, எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"அதெல்லாம் இருக்கும்டி. நாமதான் போய்ச் சேரணும்."

அப்போது வாசலில் சளக் சளக்கென்று சத்தம். பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு பல் டாக்டர் நின்றார். காலை ஏழரை வகுப்பு அவருடையது. ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் அச்சமில்லாமல் கை விட்டவருக்கு, ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் உள்ளங்கை வேர்த்து ஒழுகும். எத்தனையோ மாதமாக வருகிறார். இன்னும் முதல் கியரைத் தாண்டவில்லை. 'ரெண்டாவது கியருக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாதே டீச்சர்' என்பார். ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவும் மாட்டார். முதல் கியரில் கார் தொண்டை கிழியக் கத்தும். அதைத் தடவிக்கொடுத்து, 'இதோ முடிஞ்சிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று சமாதானம் சொல்லுவார்.

"நான் லேட் இல்லையே டீச்சர்?"

"டாக்டர், ரோட்டைப் பாத்தீங்களா?"

"பாக்கல டீச்சர். ரோடு எங்கயும் கண்ணுல படல."

அவரைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. பின் சீட்டில் மகளோடு உட்கார வைத்துக்கொண்டு பிரேக் அக்கா ஸ்டியரிங் முன்னால் ஏறினாள். தெருமுனைகூட வரவில்லை, சங்கதி வெளியே வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்ததும் அவள் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. எடுத்தாள். ஒரு மரக்கிளை மிதந்து வந்தது. மறுபடி விழுந்தது. கார் இரண்டு தடவை இருமியது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், எந்தக் காலத்திலோ கடைசியாகத் தானே ஓட்டியவள்.

"அம்மா, நீ ஓட்டக் கத்துக்கவே இல்லையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரேக் அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் தொழில் தெரிந்தவள். தண்ணீரில் ஓட்டும் முறை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அதைச் செய்யத்தான் கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு வீட்டு வாசல் சரிவில் காரை ஏற்றி நிறுத்தினாள். திரும்பி டாக்டரைப் பார்த்தாள்.

"டாக்டர், முன்னால வாங்க. நீங்கதான் ஓட்டப் போறீங்க."

"நானா? இந்தத் தண்ணியிலயா?"

"கவனமாக் கேளுங்க. முதல் கியர் மட்டும். வேற கியரைத் தொடவே கூடாது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கவே கூடாது. எடுத்தீங்கன்னா சைலன்சர்ல தண்ணி ஏறி வண்டி படுத்துடும். எஞ்சின் கத்தினா கத்தட்டும்."

டாக்டர் யோசித்தார். "இது நான் வழக்கமா ஓட்டற மாதிரியே இருக்கே டீச்சர்?"

"ஆமா டாக்டர்" என்றாள் பிரேக் அக்கா. இத்தனை மாதம் அதற்காக அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. "அதேதான்."

கார் காது கிழியக் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. இருபக்கமும் அலை எழுந்து வீட்டுச் சுவர்களில் அடித்தது. பிரேக் அக்கா தன் காலைத் தூக்கி சீட்டின் மேல் சம்மணமாக மடக்கி, அது கீழே போகாதபடி கையால் பிடித்துக்கொண்டாள். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

சந்தை முனையில் ஒரு காட்சி.

பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலிருந்தே இறக்கிவிடும் வரிசை தொடங்கும். ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்திருப்பார்கள். கூம்பை ஒட்டித்தான் கார்கள் வரவேண்டும். கூம்பை மீறி வந்தால் அந்தக் காரில் வந்த பிள்ளையின் பெயரை மைதானத்தில் மைக்கில் படிப்பார்கள். அன்று அதிகாலையிலும் விளையாட்டு வாத்தியார் வந்து கூம்புகளை வைத்துவிட்டார். வழக்கம்போல் இயங்கும் என்று சொன்ன பிறகு வேறென்ன செய்வார்? கூம்புகள் மிதந்தன. திருட்டுப் போகாமலிருக்க ஒன்றோடொன்று கயிற்றால் கட்டியிருந்ததால் வரிசை குலையாமல் மிதந்தன. தண்ணீர் இழுத்த இழுப்புக்குச் சந்தைப் பக்கம் வளைந்து, காய்கறிக் கடைகளுக்கு நடுவே புகுந்து, ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் கார்கள் ஒன்றையொன்று முந்தாமல் மிகவும் ஒழுங்காக ஊர்ந்துகொண்டிருந்தன.

விளையாட்டு வாத்தியார் முழங்காலளவு தண்ணீரில் விசிலோடு நின்றார். "கூம்புக்கு வலதுபக்கம்! எல்லாரும் கூம்புக்கு வலதுபக்கம்!"

முதல் காரிலிருந்த அப்பா தலையை வெளியே நீட்டினார். "சார், ஸ்கூல் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஸ்கூல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா சார்? இருவது வருஷமா அங்கதான் வேலை பாக்கறேன். ஆனா வழி எதுன்னு கூம்புதான் சொல்லணும். ஆளாளுக்கு வழி கண்டுபிடிச்சா அப்புறம் கூம்புக்கு என்ன மரியாதை?"

அந்த அப்பா ஒரு நிமிஷம் வாத்தியாரைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கூம்பின் பின்னால் போனார். பழக்கம்.

டிரைவிங் ஸ்கூல் கார் நேராக வந்தது. விசில் வீறிட்டது. "வரிசைக்கு வாங்க! திரும்புங்க!"

"நிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க சார்!" என்று டாக்டர் கத்தினார். "திரும்பறது இன்னும் சொல்லித் தரல!"

கார் கூம்பு வரிசைக்குக் குறுக்கே பாய்ந்து நேர்வழியில் போனது. மகள் பெயரை மைக்கில் படிப்பார்கள். ஆனால் மணி அடித்த பிறகு படித்துக்கொள்ளட்டும்.

அடுத்த தெருவில் சாலை நடுவிலிருந்த சிமெண்டுத் தடுப்பின்மேல், நீலக் குடையைப் பிடித்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, ஒரு பெண்மணி மேடையில் தலைமை தாங்குவதைப் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கார் பம்பர் வரை மூழ்கி, விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா! நம்ம பிரின்சிபால் மேடம்!"

"டாக்டர், தடுப்பை ஒட்டி விடுங்க. கிளட்சை மிதிங்க. ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுடாதீங்க!" பிரேக் அக்கா இப்போதுதான் காலை அவிழ்த்து, தன் பிரேக்கை மனசார மிதித்தாள். கார் நின்ற இடத்தில் நின்று வீறிட்டது.

பிரின்சிபால் காரின் தலைமேலிருந்த பலகையைப் பார்த்தார். "இந்த வண்டிக்கு நம்ம பள்ளிப் பகுதியில அனுமதி இல்லையே?"

உண்மைதான். பள்ளி வாசலில் கற்றுக்கொண்டிருப்பவர்கள் நடமாடுவது பாதுகாப்பல்ல என்று போன வருஷமே பிரேக் அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது. அதிலிருந்து அவள் தூரத்தில் நிறுத்திவிட்டு மகளை நடத்திக் கூட்டிப்போவாள்.

"ஏறிக்கங்க மேடம். உங்க கார் நின்னுபோச்சே."

"நிக்கல. ஓய்வெடுக்குது" என்று திருத்திவிட்டு, பிரின்சிபால் குடையை மடக்கி, பின் சீட்டில் குண்டூசியின் பக்கத்தில் ஏறினார். ஏறும்போது வெள்ளை ஷூவைப் பார்த்தார். சேறு இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது போலத் தெரிந்தது. தன் ஷூவை அவர் கையில் வைத்திருந்தார்.

கார் மறுபடி கிளம்பியது. பிரின்சிபால் சும்மா வரவில்லை.

"இன்னிக்குப் பல பெற்றோர் வெள்ளம் வெள்ளம்னு சொல்லுவாங்க. வெள்ளம் ஒரு காரணமே இல்ல. திட்டமிடாததுதான் காரணம். முந்தின நாளே யோசிக்கறவங்களுக்குத் தண்ணி ஒரு பொருட்டா?"

"நீங்க யோசிச்சீங்களா மேடம்?" என்றாள் குண்டூசி.

"நான் யோசிச்சேன். என் கார் யோசிக்கல."

"எட்டரை ஆயிடுச்சா மேடம்?"

பிரின்சிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "ஒழுங்கான பிள்ளைங்க எட்டேகாலுக்கே உள்ள இருக்கும்."

"அப்ப நீங்க?"

"நான் பிரின்சிபால். நான் எங்க இருக்கேனோ அதுதான் பள்ளி."

"அப்ப நாம இப்ப ஸ்கூல்லதான் இருக்கோமா?"

பிரின்சிபால் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார். குண்டூசி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பிரேக் அக்கா திரும்பிப் பார்த்தாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லாத கயிறு ஒன்றைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அந்தப் பெண் கேள்வி கேட்பதை நிறுத்தினால் அழுகை பக்கத்தில் வந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரியும். எட்டரை தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பிரேக் அக்காவுக்கு ஆற்றாமையாக இருந்தது. இவ்வளவு தண்ணீரைத் தாண்டி வந்து, ஒரு கயிற்றைப் பிடித்து இழுக்கும் சந்தோஷம்கூட அந்தக் குழந்தைக்குக் கிடைக்காது என்றால் என்ன நியாயம்?

பள்ளி மேட்டில் இருந்தது. சரிவில் ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கார் கேட் முன்னால் வந்து நின்றது. கேட் மூடியிருந்தது.

உள்ளே காவலாளி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விதி தவறாத காவலாளி என்று மூன்று வருஷமாக விருது வாங்குகிறவர். அவருக்குப் பின்னால் வராந்தாவில், அதே மேட்டில் குடியிருக்கும் நாலைந்து ஆசிரியர்கள், ஒரு பிள்ளைகூட இல்லாத மைதானத்தைப் பார்த்து அணிவகுத்து நின்றார்கள்.

"கேட்டைத் திற" என்றார் பிரின்சிபால்.

காவலாளி எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தார். திறக்கவில்லை. "வணக்கம் மேடம். எட்டரைக்கு மேல வந்தா பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு வேணும் மேடம்."

"நான்தானே பிரின்சிபால்!"

"ஆமா மேடம். சீட்டுல உங்க ரூம்ல உங்க முன்னாடி நின்னு கையெழுத்து வாங்கணும் மேடம். ரூம் உள்ள இருக்கு. நீங்க வெளிய இருக்கீங்க."

"என்னையே தெரியலையா உனக்கு?"

"நல்லாத் தெரியுது மேடம். போன வருஷம் விருது குடுக்கும்போது மேடையில சொன்னீங்களே, 'நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதவன்தான் காவலாளி'ன்னு. வீட்டுல பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

வராந்தாவில் நின்ற ஆசிரியர்கள் பலமாகக் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பிரின்சிபால் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பிரேக் அக்கா கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். பித்தளைத் தகடு தெரிந்தது. "அண்ணே, ஒரு சந்தேகம். மணி ஓய்ஞ்சப்புறம்தானே கேட்டை மூடணும்? மணி அடிச்சாச்சா?"

"இல்லம்மா. அடிக்க வேண்டிய பிள்ளை வரல."

"அப்புறம் ஏன் மூடினீங்க?"

காவலாளி இதற்குத் தயாராகவே இருந்தார். "அடிக்காத மணி ஓய்ஞ்ச மணிதானேம்மா? காதுல ஏதாவது கேக்குதா பாருங்க."

எல்லோரும் உற்றுக் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. அதில் தப்பே சொல்ல முடியாது.

"அப்ப மணி அடிச்சா திறப்பீங்களா?"

"திறந்துதானே ஆகணும்? ஒலிக்கற வரைக்கும் திறந்திருக்கணும்னு தகட்டுலயே போட்டிருக்கே."

"அப்ப அடிங்க" என்றார் பிரின்சிபால், பல்லுக்கிடையில்.

காவலாளி இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ மேடம், நான் தொடலாமா? இன்னிக்குப் பிள்ளை யாரோ அவங்க மட்டும்தான் தொடணும்."

"நான்தான் இன்னிக்குப் பிள்ளை" என்றாள் குண்டூசி.

"அப்ப நீதான் பாப்பா அடிக்கணும். உள்ள வந்து அடி."

"திறந்தாத்தானே வர முடியும்?"

"அடிச்சாத்தானே பாப்பா திறக்க முடியும்?"

இருவரும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலாளிக்கும் பாவமாகத்தான் இருந்தது. பிரின்சிபால் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் பள்ளியைப் பார்த்தார். வெளியிலிருந்து இப்படி நின்று அதை அவர் பார்த்ததே இல்லை.

"கயிறு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் டாக்டர். அதுவரை அவர் ஸ்டியரிங்கை விட்டு விரலைப் பிரித்தெடுப்பதில் மும்முரமாக இருந்தார். வந்து பார்த்தார். வளைவிலிருந்து தொங்கிய கயிறு, கம்பியிலிருந்து கை எட்டாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "கடைவாய்ப் பல் மாதிரி இருக்கு. மேடம், அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்க."

"இது பள்ளிக் குடை."

"பத்திரமாத் தருவேன் மேடம். வலிக்காது."

வளைந்த கைப்பிடியை முன்னால் நீட்டி, கம்பிக்கிடையே தோள்வரை கையை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டாக்டர் கயிற்றைக் கொக்கி போட்டார். முதல் தடவை நழுவியது. "கொஞ்சம் அகலமாத் திறங்க" என்றார், எதிரே யாரும் இல்லாமல், பழக்கதோஷத்தில். இரண்டாவது தடவை மாட்டிக்கொண்டது. மெதுவாக, ஆடாமல், வேரோடு எடுப்பதுபோல இழுத்துக் கயிற்றைக் கம்பி வழியாக வெளியே கொண்டுவந்து, நுனியைத் தான் தொடாமல் குடையாலேயே குண்டூசியிடம் நீட்டினார்.

குண்டூசி இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அடிடி!" என்றாள் பிரேக் அக்கா.

டாண் என்றது மணி. சட்டி மூடி எங்கே, இது எங்கே! நெஞ்சுக்குள் போய் அதிர்ந்தது. இரண்டாவது டாண் கேட்பதற்குள் காவலாளி ஓடிவந்து கேட்டை ஆரவாரமாகத் திறந்தார். "மணி ஒலிக்குது! எல்லாரும் வரலாம்!"

பிரின்சிபால் ஷூவை மாட்டிக்கொண்டு, குடையை வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து உள்ளேயே இருந்தவரைப்போல நுழைந்தார். திரும்பி, "போதும், நிறுத்து. வகுப்புக்குப் போ" என்றார்.

குண்டூசி உள்ளே வந்து கயிற்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாக அடித்தாள். "நிறுத்தினா கேட்டை மூடிடுவாங்க மேடம். இன்னும் யாருமே வரலையே?"

பிரின்சிபால் காவலாளியைப் பார்த்தார். காவலாளி தகட்டைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் அடிக்கணும்னு அதுல போடல மேடம்" என்றார் பணிவாக.

மணிச் சத்தம் தண்ணீரின்மேல் நெடுந்தூரம் போனது. சந்தையைத் தாண்டி, ஊர் எல்லையைத் தொடப்போன கூம்பு வரிசை வரை போனது. அங்கே முதல் காரிலிருந்த அப்பாவின் காதில் விழுந்தது. அவர் கூம்பைப் பார்த்தார், சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அன்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூம்புக்கு இடதுபக்கம் திரும்பினார். பின்னாலிருந்த கார்களும் திரும்பின. சில கார்கள் படுத்துவிட்டன. அவற்றிலிருந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ஒவ்வொருவராக மேட்டில் ஏறி வந்தார்கள். ஷூக்கள் வெள்ளை தவிர எல்லா நிறத்திலும் இருந்தன. ஒரு பையன் மஞ்சள் மழைக்கோட்டில் வந்தான். ஒருத்தி அவள் அப்பாவின் சட்டையில் வந்தாள். கேட் திறந்திருந்தது, மணி ஒலித்துக்கொண்டிருந்தது, அதனால் யாரும் தாமதமில்லை. பிரின்சிபால் ஒவ்வொரு ஷூவாகப் பார்த்து வாயைத் திறப்பார். அந்த நேரத்தில் டாண் என்று ஒன்று விழும். அவர் சொன்னது யாருக்கும் கேட்காது.

குண்டூசிக்குக் கை கடுத்தது. வலது கைக்கு மாற்றினாள், இடது கைக்கு மாற்றினாள், கயிற்றில் தொங்கியே இழுத்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிப்போயிருந்தது. போய்த் தாங்கிப் பிடிக்க அம்மாவுக்குக் கை பரபரத்தது. ஆனால் வேறு யாரும் தொடக் கூடாது. பிரேக் அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அது எதையும் அழுத்தாமல் சும்மா இருந்தது. எதுவும் நிற்கவேண்டாம் என்று அவளுக்கு இருந்தது. மகளை நினைத்துப் பெருமையில் அழுகை வந்துவிட்டது, மழை இல்லாததால் மறைக்கவும் முடியவில்லை.

கடைசியாக விளையாட்டு வாத்தியார் வந்தார். கூம்புச் சரத்தைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். கேட்டுக்குள் கடைசிக் கூம்பும் வந்த பிறகு குண்டூசி கயிற்றை விட்டாள்.

மணி ஓய்ந்தது. காவலாளி கேட்டை மூடினார்.

திரும்பும்போதும் டாக்டர்தான் ஓட்டினார். மேட்டின் மேலிருந்த பாதை காய்ந்தே இருந்தது. அதிலும் முதல் கியரில்தான் கத்திக்கொண்டு போனார். "ரெண்டாவது போடலாமா டீச்சர்?" என்று அவராகவே கேட்டார்.

"இன்னிக்கு வேண்டாம் டாக்டர்" என்றாள் பிரேக் அக்கா. "இன்னிக்கு இதுவே காதுக்கு நல்லா இருக்கு."

சாயங்காலம் குண்டூசி சோபாவில் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். பேக்கரியிலிருந்து வந்த அப்பா அந்தக் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே மூன்றாவது தடவையாகக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். போன் கிணுகிணுவென்றது. பிரேக் அக்கா எடுத்து எல்லோருக்கும் கேட்கப் படித்தாள்.

"இன்று பள்ளி வழக்கம்போல் இயங்கியது. நிர்வாகத்தின் முன்யோசனையால் தாமதமாக வந்தவர் எவருமில்லை. இனி மணி ஒரு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கக் கூடாது. பிரின்சிபால் வளாகத்துக்கு வெளியே இருக்கும் நாட்களுக்கு இவ்விதி பொருந்தாது."

"கடைசி வரி மறுபடி படிம்மா" என்றாள் குண்டூசி.

படித்தாள்.

குண்டூசி கூரையைப் பார்த்து நன்றாக யோசித்தாள். "நாளைக்கு என் பக்கத்து பெஞ்சுப் பையனோட மணி நாள். ராத்திரி மறுபடி மழை பெஞ்சா, மேடத்தை வழியில ஏத்திக்காதம்மா. பாவம், அவனும் ரொம்ப நேரம் அடிக்கட்டும்."

பிரேக் அக்கா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். நன்றாகக் கறுத்திருந்தது. அவள் போனை எடுத்து, பள்ளியின் செய்திக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.